கதவிடுக்கிலிருந்து தொடங்குங்கள்: அமைதிக்கு இடம் செய்யும் முறை

அமைதி வேண்டும் என்று முடிவெடுத்தவர்களில் பெரும்பாலோர் தவறான முனையிலிருந்து தொடங்குகிறார்கள். தரையில் ஒரு விரிப்பைப் போட்டு, கண்ணை மூடி, மனத்தை அடக்கப் பார்க்கிறார்கள். பக்கத்து அறையில் தொலைக்காட்சி ஓடுகிறது. கதவுக்குக் கீழே விரல் நுழையும் இடைவெளி. மேசைமேல் போன் அதிர்ந்தபடி இருக்கிறது. மூன்றாம் நாள் ‘எனக்கு இதெல்லாம் ஒத்துவராது’ என்று எழுந்துவிடுகிறார்கள். பாதிக் குறை கதவில்தான் இருந்தது என்பது அவர்களுக்குத் தெரிவதே இல்லை.

ஆகவே இங்கே வரிசை வேறு. முதலில் அளப்பது, பிறகு அறை, பிறகு காது, பிறகு போன். உட்காருவது அதற்கப்புறம்தான். வாயை மூடுவது கடைசி. அளக்க மூன்று நாள். அடுத்த மூன்றையும் ஒரு வார இறுதியில் முடித்துவிடலாம். உட்காரப் பழக ஒரு மாதம் ஆகும். வாய்க்கு எத்தனை நாள் என்பது ஆளைப் பொறுத்தது.

எதைத் தேடுகிறோம்

காதில் விழுவதெல்லாம் ஒலி. அதில் வேண்டாதது இரைச்சல். ஒலியே இல்லாத நிலை நிசப்தம். பேசாதிருப்பது மௌனம். நாம் தேடும் அமைதி இவற்றில் எதிலும் முழுதாக அடங்காது. மழை கொட்டும்போதும் அமைதியாக இருக்க முடிகிறது. சொட்டுச் சொட்டாக ஒழுகும் ஒரு குழாய் இரவு முழுவதையும் கெடுத்துவிடுகிறது.

நிசப்தத்தைத் தேடவே வேண்டாம், கிடைக்காது. எதிரொலியே எழாதபடி கட்டிய ஆய்வு அறைகளில்கூட உள்ளே போனவருக்குத் தன் மூச்சும் இதயத் துடிப்பும் கேட்க ஆரம்பித்துவிடும். எட்டக்கூடிய இலக்கு ஒன்று போதும். தூங்கும் அறையில் தொடர்ச்சியான இரைச்சல் 30 டெசிபலைத் தாண்டாமலும், இடையில் எழும் தனிச் சத்தங்கள் 45ஐத் தாண்டாமலும் இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 1999இல் வகுத்தது. பகலில் உட்காரும் அறைக்கு 35 முதல் 40 வரை இருந்தாலே நல்ல நிலைமை.

இதனால் என்ன ஆகிவிடப்போகிறது என்று கேட்பவர்களுக்கு நியூயார்க்கில் நடந்த ஆய்வு ஒன்றைச் சொல்லலாம். அங்கே ஒரு பள்ளிக்கூடத்தை ஒட்டி மேம்பாலத்தில் ரயில் ஓடியது. ரயில் பக்கத்து வகுப்பறைகளில் படித்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் வாசிப்பில், மறுபக்கம் படித்தவர்களைவிட ஏறக்குறைய ஓராண்டு பின்தங்கியிருந்ததை 1975இல் ஆர்லீன் பிரான்ஸாஃப்ட் என்ற உளவியலாளர் காட்டினார். பிறகு தண்டவாளத்துக்கு அடியில் ரப்பர் திண்டு வைத்தார்கள், வகுப்பறைக் கூரையில் ஒலியை உறிஞ்சும் பலகை பொருத்தினார்கள். 1981இல் மறுபடி பார்த்தபோது அந்த வித்தியாசம் மறைந்திருந்தது. பிள்ளைகளுக்கு யாரும் கவனப் பயிற்சி கொடுக்கவில்லை.

2006இல் வெளியான இன்னோர் ஆய்வு 24 பேரைப் பல வகை இசை கேட்க வைத்தது. இடையில் 2 நிமிடம் எதுவும் ஒலிக்காத இடைவெளி விட்டார்கள். இதயத் துடிப்பும் ரத்த அழுத்தமும் மூச்சும் அந்த இடைவெளியில்தான் நன்றாக இறங்கின. ஆய்வாளர்கள் ஆராயப் புறப்பட்டது இசையை.

ஒரு எச்சரிக்கையும் தேவை. ‘தினம் 2 மணி நேரம் அமைதியாக இருந்தால் மூளையில் புதுச் செல்கள் முளைக்கும்’ என்று ஒரு செய்தி சுற்றிக்கொண்டிருக்கிறது. 2013இல் வந்த அந்த ஆய்வு எலிகளைப் பற்றியது. அதை நம் தலைக்குப் பொருத்திப் பேசுகிறவர்களை நம்ப வேண்டாம்.

முதல் படி: மூன்று நாள் அளந்து பாருங்கள்

போனில் ஒலி அளக்கும் செயலி ஒன்றை நிறுவுங்கள். அதில் ‘ஏ’ எடையிடலும் (காது கேட்கும் விதத்துக்கு ஏற்ப எண்ணைச் சரிசெய்வது) ‘ஸ்லோ’ வேகமும் (எண் துள்ளாமல் மெல்ல மாறுவது) தேர்ந்தெடுங்கள். போனை உறையிலிருந்து கழற்றி, நீங்கள் உட்காரும் இடத்தில் காது உயரத்தில், சுவரிலிருந்து ஒரு மீட்டராவது தள்ளி வையுங்கள். 5 நிமிடம் ஓடவிட்டு இரண்டு எண்களைக் குறித்துக்கொள்ளுங்கள்: சராசரி, உச்சம். காலை, மதியம், இரவு என்று மூன்று வேளை, மூன்று நாள். சாதாரண போன் மைக்குக்குச் சொந்தமாகவே ஓர் இரைச்சல் உண்டு. அதனால் 35க்குக் கீழே அது காட்டும் எண்ணைத் துல்லியமாக எடுத்துக்கொள்ள வேண்டாம். நமக்கு வேண்டியது முன்னும் பின்னும் உள்ள வித்தியாசம்தான். அதற்கு இது போதும், இரண்டு முறையும் அதே போனாக இருந்தால்.

டெசிபல் என்பது கூட்டல் கணக்கு அல்ல. 3 டெசிபல் கூடினால் ஒலியின் ஆற்றல் இரட்டிப்பாகிறது, ஆனால் காதுக்கு அந்த வேறுபாடு லேசாகத்தான் தெரியும். 10 கூடினால் ஆற்றல் பத்து மடங்கு, காதுக்கு ஏறக்குறைய இரண்டு மடங்கு. எனவே ஒரு வேலை செய்து 2 டெசிபல்தான் குறைந்தது என்றால் அதற்காகப் பெருமைப்பட ஒன்றுமில்லை. 5 குறைந்தால் வீட்டில் இருப்பவர்களே சொல்வார்கள்.

எண்ணுக்குப் பக்கத்தில் அந்த நேரத்தில் கேட்டதையெல்லாம் ஒரு தாளில் எழுதுங்கள். பிறகு ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு வகை போடுங்கள். வீட்டுக்குள் ஓடும் இயந்திரம் ஒரு வகை. காற்றோடு இடுக்கு வழியாக வருவது இன்னொன்று. சுவர், தரை வழியாக அதிர்ந்து வருவது மூன்றாவது. பேச்சும் அறிவிப்பு மணியும் நான்காவது. இந்தப் பிரிப்புதான் முக்கியம், ஒன்றின் மருந்து மற்றொன்றுக்கு வேலை செய்யாது. மாடியில் நாற்காலி இழுக்கும் சத்தத்துக்கு ஜன்னலில் கனத்த திரை போட்டுப் பணத்தை வீணாக்குகிறவர்கள் உண்டு.

இரண்டாம் படி: அறை

காசில்லாமல் கிடைக்கும் பெரிய லாபம் அறையை மாற்றுவது. சாலையைப் பார்த்த அறைக்கும் கட்டடத்தின் பின்பக்க அறைக்கும் 10 டெசிபலுக்கு மேல் வித்தியாசம் சாதாரணமாக வரும், கட்டடமே தடுப்புச் சுவராக நிற்பதால். வெறும் தூரம் அவ்வளவு உதவாது. போக்குவரத்து இடைவிடாத சாலையிலிருந்து தூரத்தை இரட்டிப்பாக்கினால் 3 டெசிபல்தான் குறையும். கட்டிலை ஜன்னலிலிருந்து நான்கடி தள்ளிப் போடுவதைவிடப் பின் அறைக்குக் கொண்டுபோவது எத்தனையோ மேல்.

அடுத்து இயந்திரங்கள். மின்விசிறியின் காற்றிரைச்சல் அதன் வேகத்தோடு மிகச் செங்குத்தாக ஏறும். வேகத்தை ஐந்தில் ஒரு பங்கு குறைத்தால் சுமார் 5 டெசிபலும், பாதியாக்கினால் சுமார் 15 டெசிபலும் இறங்கும். ஒரு விசிறியை முழு வேகத்தில் ஓட்டுவதைவிட இரண்டைப் பாதி வேகத்தில் ஓட்டுவது நல்லது என்பது இதனால்தான். வேகத்தைக் குறைத்ததும் ‘உம்ம்’ என்ற முனகல் கேட்டால் குற்றவாளி விசிறியல்ல, ரெகுலேட்டர். மின்னோட்டத்தை வெட்டி வெட்டிக் கொடுக்கும் வகையில் இது வரும். கெப்பாசிட்டர் வகைக்கு மாற்றினால் பெரும்பாலும் போய்விடும். ‘டக் டக்’ என்று தட்டினால் திருகு தளர்ந்திருக்கிறது, அல்லது இறக்கைகளின் எடை சமமாக இல்லை. இறக்கையின் மேல்பக்கம் படிந்த தூசியைத் துடைத்தாலே சில சமயம் சரியாகும்.

குளிர்பெட்டியும் துணி துவைக்கும் இயந்திரமும் நான்கு காலிலும் சமமாக நிற்கின்றனவா என்று மூலையைப் பிடித்து ஆட்டிப் பாருங்கள். ஆடினால் காலில் உள்ள திருகைச் சுற்றிச் சமப்படுத்துங்கள். பின்பக்கம் சுவரைத் தொடக் கூடாது. அடியில் 10 முதல் 15 மில்லிமீட்டர் கெட்டி ரப்பர்த் திண்டு வையுங்கள். துவைக்கும் இயந்திரத்துக்கு மெத்தென்ற ஸ்பாஞ்சு வைத்தால் சுழலும்போது அது நடக்க ஆரம்பித்துவிடும்.

இப்போது கதவு. 90 சென்டிமீட்டர் அகலம், 210 உயரம் உள்ள கதவுக்குக் கீழே 15 மில்லிமீட்டர் இடைவெளி இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். கதவின் பரப்பில் அது 0.7 விழுக்காடுதான். ஆனால் அந்த 0.7 விழுக்காடு திறந்திருக்கும்வரை கதவை இரும்பிலேயே செய்து மாட்டினாலும் 21 டெசிபலுக்கு மேல் தடுக்காது. தண்ணீர்த் தொட்டியில் ஓட்டை எவ்வளவு சிறியது என்பது தண்ணீருக்குக் கவலையில்லை, ஒலியும் அப்படித்தான். ஆகவே பலகையைத் தடிமனாக்கும் முன் இடுக்கை அடையுங்கள்.

செய்முறை இது. இரவில் அறை விளக்கை அணைத்து, வெளியே விளக்கைப் போட்டுக் கதவைச் சாத்துங்கள். வெளிச்சம் ஒழுகும் இடத்தையெல்லாம் பென்சிலால் குறியுங்கள். பிறகு ஒரு தாள் துண்டைச் சட்டத்துக்கும் கதவுக்கும் நடுவே வைத்துச் சாத்தி இழுங்கள். தடையில்லாமல் வந்தால் அங்கே பட்டை வேண்டும். பின்பக்கம் பசையுள்ள ரப்பர்ப் பட்டையை, இடைவெளியைவிட அரைப்பங்கு கூடுதல் தடிமனில் வாங்குங்கள்: 4 மில்லிமீட்டர் இடைவெளிக்கு 6 மில்லிமீட்டர் பட்டை. கதவு சாத்தும்போது அது மூன்றில் ஒரு பங்கு அமுங்கி இடைவெளியை நிரப்பும். அதைவிடத் தடிமனாக ஒட்டினால் தாழ்ப்பாள் விழாது. ஆத்திரத்தில் கதவை இடித்துச் சாத்துவீர்கள். சில மாதங்களில் கீல் தளர்ந்துவிடும். ஒட்டுவதற்கு முன் சட்டத்தை ஸ்பிரிட் தொட்ட துணியால் துடைத்து உலரவிடுங்கள். பட்டை உரிந்து தொங்குவதற்குப் பெரும்பாலான காரணம் அடியில் இருந்த எண்ணெய்ப் பிசுக்கும் தூசியும்தான். மூலைகளில் பட்டையை வளைக்காமல் வெட்டிச் சேருங்கள், வளைத்தால் நடுவில் காற்றுப் பை உண்டாகும். கதவின் அடிக்குத் தரையை மெல்லத் தொடும் ரப்பர் நாக்கு பொருத்துங்கள். துணிக்குள் ஸ்பாஞ்சு வைத்த உருளையும் உதவும், ஆனால் கெட்டி ரப்பர் அளவுக்கு அல்ல.

எரிவாயு அடுப்பு, சுடுநீர்க் கருவி, கணப்பு என்று எது எரியும் அறையையும் இப்படி அடைக்கக் கூடாது. கார்பன் மோனாக்சைடு தேங்கினால் உயிருக்கே ஆபத்து. மற்ற அறைகளிலும் ஒரு மணி நேரத்துக்குப் பிறகு கதவைத் திறந்து காற்றை மாற்றுங்கள். மூடிய அறையில் வரும் தூக்கக் கலக்கத்தைப் பலர் ஆழ்ந்த அமைதி என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

ஜன்னலுக்கும் இதே சோதனை. தள்ளித் திறக்கும் ஜன்னல்கள்தான் அதிகம் கசியும். ஓடும் பள்ளத்தில் உள்ள தூரிகைப் பட்டை தேய்ந்திருந்தால் மாற்றுங்கள். சட்டத்துக்கும் சுவருக்கும் இடையே உள்ள விரிசலை நெகிழ்வாகவே நிற்கும் மூட்டுப்பசையால் நிரப்புங்கள். அதற்கும் அடங்காத சாலை என்றால், இருக்கும் கண்ணாடிக்கு உள்பக்கம் 10 சென்டிமீட்டராவது தள்ளி இரண்டாவது கண்ணாடிச் சட்டம் போடுவதுதான் வழி. இரண்டும் வேறு வேறு தடிமனில் இருக்கட்டும், அப்போது ஒன்று விட்டுவிடும் ஒலியை மற்றொன்று பிடிக்கும். திரைச்சீலை வெளிச் சத்தத்தைத் தடுக்காது. முட்டை அட்டை ஒட்டுவது அதைவிட வீண். ஒலியை நிறுத்தும் எடை அதற்கு இல்லை, தீப்பிடித்தால் சுவரோடு சேர்ந்து எரியும்.

ஆனால் அறைக்குள்ளேயே எதிரொலிக்கும் சத்தத்துக்குத் துணி உதவும். நடுவில் நின்று ஒருமுறை கை தட்டுங்கள். ‘ட்ரிங்’ என்று வால் நீண்டால் சுவரெல்லாம் வெறுமையாக இருக்கிறது என்று அர்த்தம். தடித்த விரிப்பு, புத்தக அலமாரி, மெத்தை, துணி அலமாரி எதுவும் ஒலியை உறிஞ்சும். உறிஞ்சும் பரப்பை இரட்டிப்பாக்கினால் அறை 3 டெசிபல் தணியும். எண் சின்னதுதான், பேச்சின் கூர்மை குறைவதால் காதுக்கு அதைவிடப் பெரிதாகத் தெரியும்.

மேலே நடக்கும் காலடி, சுவரில் அடிக்கும் ஆணி இவற்றை உங்கள் பக்கத்திலிருந்து தடுப்பது ஏறக்குறைய முடியாத காரியம். பிறக்கும் இடத்தில்தான் நிறுத்த வேண்டும். மாடி வீட்டுக்காரரிடம் போய் ‘சத்தம் போடாதீர்கள்’ என்றால் பகைதான் மிஞ்சும். நேரத்தைக் குறித்துக் கேளுங்கள்: “ராத்திரி பத்து மணிக்கு மேல மட்டும் நாற்காலிய கொஞ்சம் தூக்கி வைக்க முடியுங்களா? கீழ நல்லா கேக்குது.” கையோடு நாற்காலிக் கால்களில் ஒட்டும் கம்பளி வட்டு ஒரு பொட்டலம் கொடுத்துவிட்டு வாருங்கள். உங்கள் நாற்காலிகளுக்கும் ஒட்டுங்கள்; உங்களுக்குக் கீழேயும் ஒருவர் இருக்கலாம்.

தனி அறையே இல்லாதவர்கள் இடத்தை விட்டு நேரத்தைத் தேடுங்கள். உங்கள் மூன்று நாள் தாளைப் பார்த்தால் வீட்டில் இரைச்சல் குறைந்த அரை மணி நேரம் எது என்று தெரிந்துவிடும். அதுவும் இல்லையென்றால் நூலகம், ஆளில்லாத மாடிப்படி, எஞ்சினை அணைத்து நிழலில் நிறுத்திய கார்.

மூன்றாம் படி: காது

ஃபோம் காதடைப்பானைப் பெரும்பாலோர் காதின் வாசலில் செருகிவிட்டு ‘வேலை செய்யவில்லை’ என்கிறார்கள். கையைக் கழுவுங்கள். அடைப்பானை இரு விரல்களுக்கு நடுவே சுருக்கம் விழாமல் மெல்லிய குச்சியாக உருட்டுங்கள். வலது காதுக்கு இடது கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுவந்து காதின் மேல் நுனியை மேலும் பின்னுமாக இழுங்கள். வளைந்த துளை அப்போதுதான் நேராகும். உருட்டியதை உள்ளே விட்டு, அது விரியும்வரை 20 முதல் 30 விநாடி விரலால் பிடித்திருங்கள். சரியாக உட்கார்ந்ததா என்று பார்க்க, இரு உள்ளங்கைகளாலும் காதைப் பொத்துங்கள். பொத்தியதும் சத்தம் நன்றாகக் குறைந்தால் அடைப்பான் சரியாகப் பொருந்தவில்லை. எடுக்கும்போது மெல்லத் திருகி எடுங்கள்.

பெட்டியில் 33 டெசிபல் என்று போட்டிருப்பது ஆய்வுக்கூடக் கணக்கு. அமெரிக்கத் தொழில்சார் சுகாதார ஆய்வு நிறுவனமான நியோஷ், ஃபோம் வகைக்கு அதில் பாதியை மட்டும் எண்ணிக்கொள்ளச் சொன்னது. இத்துடன் இன்னொன்று: காதை அடைத்ததும் மெல்லுவது, நடப்பது, விழுங்குவது எல்லாம் தலைக்குள் பெரிதாகக் கேட்கும். எலும்பு வழியாக வரும் ஒலி வெளியேற வழியில்லாமல் உள்ளேயே நிற்பதால் இப்படி. பழுதல்ல. அடைப்பானை ஆழமாகப் போட்டால் இது குறையும்.

நாள் முழுக்கப் போட்டுக்கொண்டே இருப்பது நல்லதல்ல. இரண்டு வாரம் ஏறக்குறைய இடைவிடாமல் காதடைப்பான் அணிந்தவர்களுக்கு அதன்பின் சாதாரண ஒலிகளே உரக்கக் கேட்டதை 2003இல் ஓர் ஆய்வு காட்டியது. காதிலிருந்து வரும் ஒலி குறைந்ததும் மூளை தன் ஒலிப்பெருக்கியைத் தானே கூட்டிக்கொள்கிறது. தூக்கத்துக்கும் குறிப்பிட்ட ஒரு வேளைக்கும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். சாலையில் வேண்டாம். சிறு குழந்தையோ நோயாளியோ வீட்டில் இருந்தால் ஒரு காதுக்கு மட்டும்.

இரைச்சல் நீக்கும் ஹெட்போன்கள் வெளியில் வரும் அலைக்கு நேர் எதிரான அலையை உண்டாக்கி அதை அழிக்கின்றன. விமானம், குளிர்சாதனம், எஞ்சின் போன்ற தாழ்ந்த தொடர் ஒலியில் அவை கெட்டிக்காரர்கள். பேச்சும் ஹாரனும் குழந்தை அழுகையும் பெருமளவு உள்ளே வரத்தான் செய்யும். வாங்கியதும் அதில் பாட்டைப் போட்டுவிடுகிறவர்கள் இரைச்சலை இரைச்சலால் மாற்றிக்கொண்டவர்கள், அவ்வளவுதான்.

நான்காம் படி: போன்

ஒலியை அணைத்து அதிர்வில் வைப்பது பாதி வேலை. மரமேசைமேல் அதிரும் போன் மேசையையே மத்தளமாக்கிவிடும். அறிவிப்பு அமைப்புக்குப் போய் எல்லாச் செயலிகளையும் அணைத்துவிட்டு, மனிதர்களிடமிருந்து நேராக உங்களுக்கு வருவதை மட்டும் திரும்பப் போடுங்கள். குழுக்கள் மனிதர்கள் அல்ல. ‘தொந்தரவு செய்யாதே’ நிலையில் இரண்டு மூன்று பேரின் அழைப்பு மட்டும் ஒலிக்கும்படியும், ஒரே எண்ணிலிருந்து உடனடியாக மறுமுறை அழைத்தால் ஒலிக்கும்படியும் வையுங்கள். இதைச் செய்யாவிட்டால் ‘அவசரமாக யாராவது கூப்பிட்டால்?’ என்ற எண்ணம் போனைவிட உரக்க ஒலிக்கும். உட்காரும் நேரத்தில் போன் வேறு அறையில் இருக்கட்டும். நேரம் பார்க்கச் சாதாரண மணிகாட்டி ஒன்று போதும், டிக் டிக் சத்தம் இல்லாததாக.

யாரும் பார்க்காமல் ஓடும் தொலைக்காட்சியை அணையுங்கள். மைக்ரோவேவ், துவைக்கும் இயந்திரம் போன்றவற்றின் ‘பீப்’ ஒலியைப் பல மாடல்களில் நிறுத்திவைக்க முடியும். கையேட்டின் கடைசிப் பக்கங்களில் வழி இருக்கும்.

ஐந்தாம் படி: சும்மா உட்காருவது

இப்போதுதான் விரிப்பு. தரை, நாற்காலி எதுவானாலும் சரி. முதல் மூன்று நாள் 5 நிமிடம். அந்த வாரம் முடியும்வரை 10. இரண்டாம் வாரம் 15. பிறகு 20இல் நிறுத்தி அந்த மாதம் முழுக்க அதையே வைத்துக்கொள்ளுங்கள். முதல் நாளே ஒரு மணி நேரம் உட்கார்ந்தவர்கள் இரண்டாம் நாள் வருவதில்லை.

மந்திரமோ மூச்சுக் கணக்கோ தேவையில்லை. கேளுங்கள், அவ்வளவுதான். முதல் ஒரு நிமிடம் காதுக்கு எட்டும் மிகத் தொலைவான ஒலி எது என்று தேடுங்கள். அடுத்து கட்டடத்துக்குள் கேட்பது. அடுத்து இந்த அறைக்குள். கடைசியாக உங்கள் மூச்சும் உடையின் உரசலும். மீதி நேரம் எது வருகிறதோ அது. ‘பைக்’, ‘காகம்’ என்று பெயர் வைத்துவிட்டு விடுங்கள். ‘இந்த நேரத்தில் எவன் பைக்கை எடுக்கிறான்’ என்று தொடர்ந்தால் அது கேட்பதல்ல, வழக்கு நடத்துவது.

முதல் வாரத்தில் மூன்றாவது நான்காவது நிமிடத்தில் எழுந்துவிடத் தோன்றும். இது உங்களுக்கு மட்டும் நேர்வதல்ல. 2014இல் ‘சயன்ஸ்’ இதழில் வந்த ஆய்வில் ஆட்களை எதுவும் கொடுக்காமல் 15 நிமிடம் தனியே உட்காரவைத்தார்கள். அறையில் இருந்தது லேசான மின் அதிர்ச்சி தரும் பொத்தான் ஒன்றுதான். அது வலிக்கும், காசு கொடுத்தாவது தவிர்ப்போம் என்று முன்பே சொன்னவர்கள்தான் அவர்கள். 18 ஆண்களில் 12 பேரும் 24 பெண்களில் 6 பேரும் அதைத் தாங்களே அழுத்திக்கொண்டார்கள். எனவே கை பரபரப்பதைத் தோல்வியாக எடுத்துக்கொள்ள வேண்டாம். பக்கத்தில் தாளும் பென்சிலும் வையுங்கள். ‘மின்கட்டணம்’ என்று ஞாபகம் வந்தால் அந்த ஒரு சொல்லை எழுதிவிட்டுத் திரும்புங்கள். தாளில் விழுந்தது மறுபடி வந்து கதவைத் தட்டாது. தூக்கம் வந்தால் கண்ணைத் திறந்து உட்காருங்கள். மூன்று நாள் தொடர்ந்து வந்தால் உங்களுக்கு வேண்டியது தூக்கம்தான், போய்த் தூங்குங்கள்.

அறை தணிந்ததும் காதுக்குள் ‘ஙொய்’ என்று ஒரு ரீங்காரம் கேட்டுப் பலர் பயந்துபோகிறார்கள். 1953இல் ஹெல்லர், பெர்க்மன் என்ற இருவர் செவிக்குறை இல்லாத 80 பேரை மிக அமைதியான அறையில் உட்காரவைத்தபோது 94 விழுக்காட்டினர் ஏதோ ஓர் ஒலி கேட்பதாகச் சொன்னார்கள். பொதுவாக இது இயல்பு. ஆனால் ஒரே காதில் மட்டும் விடாமல் கேட்டாலோ, நாடித்துடிப்போடு சேர்ந்து அடித்தாலோ, தலைச்சுற்றல் இருந்தாலோ காது மருத்துவரைப் பாருங்கள். ஒரு காது திடீரென்று மந்தமானால் நாள் கடத்தாமல் அன்றே போங்கள்.

சிலருக்கு அமைதி பழைய துக்கத்தையும் அச்சத்தையும் கிளறிவிடும். மூச்சு முட்டினால், படபடத்தால் பல்லைக் கடித்துக்கொண்டு உட்காராதீர்கள். எழுந்து கால் தரையில் பதிய நடங்கள். அடிக்கடி நேர்ந்தால் இந்தப் பயிற்சியை விட்டுவிட்டு மனநல ஆலோசகரிடம் பேசுங்கள். அப்படிப்பட்டவர்களுக்கு ஆள் நடமாட்டமுள்ள பூங்காவில் தனியே நடப்பதே பொருத்தம்.

ஆறாம் படி: வாய்

வாரம் ஒருமுறை, பாதி நாள் பேசாமலிருப்பது. முந்தைய நாளே வீட்டில் சொல்லிவிடுங்கள்: எத்தனை மணி முதல் எத்தனை மணி வரை, எதற்காக. சொல்லாமல் தொடங்கினால் ‘என்மேல என்ன கோபம்?’ என்ற கேள்விக்குப் பதில் சொல்லியே பாதி நாள் போகும். கோபத்தில் பேசாமலிருப்பது மௌனம் இல்லை. அது உரக்கப் பேசுவதன் இன்னொரு வடிவம். சண்டை நடந்த நாளில் இதைத் தொடங்காதீர்கள். வீட்டில் மற்றவர்கள் பேசுவதைத் தடுக்கும் உரிமையும் இதில் வராது.

எழுதிக் காட்டுவதற்கு ஒரு வரம்பு வையுங்கள். மூன்று சீட்டு என்றால் மூன்றுதான். இல்லாவிட்டால் வாய் செய்த வேலையைக் கை எடுத்துக்கொள்ளும். போனில் செய்தி அனுப்புவதும் பேச்சுக் கணக்கில்தான் சேரும். தீ, விபத்து, உடம்பு சரியில்லாதவர் என்றால் உடனே வாயைத் திறங்கள், விரதம் கெட்டுவிடுமோ என்று யோசிக்கும் நேரம் அதுவல்ல.

மற்ற நாட்களுக்கு ஒரு சின்னப் பயிற்சி: எதிரே இருப்பவர் பேசி முடித்த பிறகு மூன்று விநாடி பொறுங்கள். 1970களில் மேரி பட் ரோ என்ற கல்வியாளர் வகுப்பறைகளைக் கவனித்தபோது, ஆசிரியர்கள் கேள்வி கேட்டுவிட்டுச் சராசரியாக ஒரு விநாடிதான் காத்திருந்தார்கள். அதை மூன்று விநாடியாக நீட்டியதும் பிள்ளைகளின் பதில்கள் நீளமாயின, தாமாகப் பேச முன்வருகிறவர்களும் கூடினார்கள். தொடக்கத்தில் மூன்று விநாடி கொடுமையாக நீளும். தொலைபேசியில் மட்டும் ஒன்றரை விநாடியோடு நிறுத்திக்கொள்ளுங்கள், இல்லையென்றால் இணைப்பு அறுந்துவிட்டது என்று நினைத்து ‘ஹலோ, ஹலோ’ என்பார்கள்.

ஒரு மாதம் கழித்து

அதே போன், அதே இடம், அதே மூன்று வேளை என்று மறுபடி அளந்து பழைய தாளோடு ஒப்பிடுங்கள். சராசரி இறங்கி உச்சம் இறங்காவிட்டால், இடுக்குகள் அடைந்தன, ஆனால் திடீர்ச் சத்தங்கள் சுவர் வழியாகவோ உங்கள் வீட்டுக்குள்ளிருந்தோ வருகின்றன. தாளில் மூன்றாம் நான்காம் வகையைப் பாருங்கள். இரண்டுமே இறங்கவில்லை என்றால் ஏதோ ஒரு பெரிய ஓட்டை கண்ணில் படாமல் இருக்கிறது. கம்பி நுழையும் துளை, குளிர்சாதனக் குழாயைச் சுற்றிய இடம், கதவுக்கு மேலே உள்ள காற்றுச் சட்டம், பூட்டின் சாவித்துளை இவற்றைத் தேடுங்கள். ரப்பர்ப் பட்டை ஓரிரு ஆண்டில் அமுங்கியே நின்றுவிடும், திரும்ப எழும்பாது. ஆறு மாதத்துக்கு ஒருமுறை தாள் துண்டை வைத்து இழுத்துப் பாருங்கள்.